ஏர் இன்டேக் மாற்றினால் டீசல் மிச்சமா? செந்தூல்காரரின் 6 லிட்டர் கணக்கு

பிறை டீசல்காரன்
நேற்று நம் மன்றத்தில் செந்தூல் ஹைலக்ஸ் என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2.4 லிட்டர் டீசல் ஹைலக்ஸ் பிக்கப்பில் கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, 1,450 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதிய ஏர் இன்டேக், அதாவது கூம்பு ஃபில்டரும் காற்று போகும் அலுமினியக் குழாயும் மாட்டினாராம். அதற்கு முன் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போய்த் திரும்ப 61 லிட்டர், மாட்டிய பிறகு அதே பயணத்துக்கு 55 லிட்டர். "கண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடித்திருக்கிறார். அதன் கீழே பதினொரு பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

27 ஆண்டுகளாக டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறேன். பெட்ரோல் வண்டியில் மிதியை அழுத்தினால் த்ராட்டில் என்ற தட்டு காற்று வழியைத் திறக்கும், அதற்கேற்ப எண்ணெய், அதாவது எரிபொருள், போகும். டீசலில் த்ராட்டில் கிடையாது. மிதி கூட்டுவது எண்ணெயை மட்டுமே. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே உள்ளே போகிறது. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போது எரியாமலேயே புகைக்குழாய் வழியாக வெளியே போகும் காற்றே ஏராளம். ஏற்கனவே மிஞ்சிக் கிடக்கும் பொருளை இன்னும் கொட்டினால் எண்ணெய் எப்படி மிச்சமாகும்?

சரி, 6 லிட்டர் எங்கே போனது? செந்தூல்காரரிடம் ஒரே கேள்வி. பம்பில் குழாய் "டக்" என்று நின்றதும் நிறுத்தினீர்களா, நுரை அடங்கியபின் மேலும் ஊற்றினீர்களா? இரண்டு பயணத்திலும் ஒரே மாதிரி செய்தீர்களா?

செந்தூல் ஹைலக்ஸ்
அண்ணே, வணக்கம். உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் கதை எழுதவில்லை. ரசீது இரண்டும் கையில் இருக்கின்றன. 61, 55. கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் 6 என்றுதான் விடை வரும். வண்டி லேசாக ஓடுகிறது. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் முன்பு கியர் இறங்கும், இப்போது இறங்குவதில்லை. இதை உட்கார்ந்து ஓட்டியவன் நான். பிறையில் பட்டறைக்குள் இருந்துகொண்டு அது நடக்கவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

பிறை டீசல்காரன்
மேடு ஏறியது வேறு, எண்ணெய் வேறு. "டக்" என்று நின்ற பிறகு ஊற்றினீர்களா இல்லையா?

குளிர்காற்று
பாயான் லெப்பாஸில் பொறியாளராக வேலை செய்கிறேன். முதலில் ஒரு திருத்தம். "டீசலில் த்ராட்டில் கிடையாது" என்று ஐயா எழுதியது பழைய இன்ஜின்களுக்குப் பொருந்தும். இன்றைய பல டீசல் இன்ஜின்களில் காற்று வழியில் ஒரு தட்டு வால்வு இருக்கிறது. கழிவுப் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே இழுப்பதற்கும், இன்ஜினைக் குலுங்காமல் அணைப்பதற்கும் வைத்திருக்கிறார்கள்.

மற்றபடி செந்தூல் அண்ணனின் கணக்கை நானும் நம்பவில்லை. காற்று ஏறக்குறைய 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி 1 விழுக்காடு குறையும். கம்பெனி பெட்டி மட்கார்டு ஓரத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. திறந்த கூம்பு பானட்டுக்குள் இருக்கும் கொதிகாற்றை இழுக்கிறது. நம் ஊர் வெயிலில் நெரிசலில் நின்ற வண்டியின் பானட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள், புரியும். வழியில் தடை குறைந்தால், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்குச் சிறிது வேலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது 61ஐ 55 ஆக்கும் அளவு அல்ல.

பிறை டீசல்காரன்
தம்பி, அந்தத் தட்டைக் கையால் கழற்றிக் கரி சுரண்டியிருக்கிறேன். அது இருப்பது எனக்குத் தெரியாதா? வண்டியின் வேகத்தை அது ஆளுவதில்லை. அதைத்தான் கிடையாது என்றேன்.

குளிர்காற்று
"கிடையாது" என்றால் கிடையாது என்றுதான் பொருள், ஐயா. படிக்கிறவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பிறை டீசல்காரன்
படிக்கிறவர்கள் பாடப்புத்தகத்தோடு வரவில்லை, வண்டியோடு வருகிறார்கள். இந்தச் சண்டைக்கு நேரமில்லை. செந்தூல்காரரே, "டக்"?

கேட்டரிங் அக்கா
நான் புக்கிட் மெர்தாஜாமில் சமையல் எடுத்துச் செய்கிறேன். இரண்டு பிக்கப் ஓடுகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதே, அன்றைக்குக் கல்யாணச் சோறு ஏற்றிக்கொண்டு நின்றவள் நான். லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு ஒரே இரவில் கூடியது. பேசி முடித்த விலையை மாற்ற முடியாது. அதனால்தான் மிச்சம் என்று யாராவது சொன்னால் மனம் அங்கே போகிறது. அந்த 3.35 விலையில் 6 லிட்டர் என்றால் 20 வெள்ளி 10 காசு. அவர் போட்ட 1,450 வெள்ளி திரும்ப 72 தடவை பட்டர்வொர்த் போய் வர வேண்டும். அவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கட்டும், அப்போதும் எனக்கு இது கட்டாது.

ரவாங் ரைடர்
அக்கா, டீசல் விலை ஏறியதற்காக அரசு தந்த மாதம் 200 வெள்ளி புடி உதவி உங்களுக்குத்தான் வந்திருக்குமே.

கேட்டரிங் அக்கா
யாருக்கு வரும், யாருக்கு வராது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள் தம்பி. அது தகுதியுள்ள தனிநபர் வண்டிக்கு. என் வண்டிகள் கம்பெனி பெயரில் இருக்கின்றன. எனக்கு ஒரு காசும் வந்ததில்லை.

ரவாங் ரைடர்
அப்படியானால் பெயரை மாற்றிப் பதிந்திருக்கலாமே.

கேட்டரிங் அக்கா
அறிவுரை கேட்கவில்லை. ஏர் ஃபில்டரைப் பற்றிப் பேசுங்கள்.

செந்தூல் ஹைலக்ஸ்
அக்கா, 72 தடவை என்று சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். நான் மாதம் நான்கு தடவை வடக்கே போகிறவன். ஒன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் லாபம்.

பிறை டீசல்காரன்
எந்த லாபம்? இன்னும் கேள்விக்குப் பதில் வரவில்லை. டீசல் நுரைக்கும். வேகமாக ஊற்றினால் நுரை மேலே வந்து குழாய்முனையைத் தொட்டதும் "டக்" என்று நின்றுவிடும். டாங்க் நிரம்பவில்லை, நிரம்பியது போல் காட்டுகிறது. ஐந்து நிமிடம் பொறுத்தால் நுரை அடங்கி இன்னும் 2, 3 லிட்டர் இறங்கும். புறப்படும்போது கழுத்துவரை ஊற்றிவிட்டு, திரும்பி வந்து "டக்"கில் நிறுத்தினால் 3 லிட்டர் மிச்சமானது போலத் தெரியும். முந்தைய பயணத்தில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தால் அங்கே 3 லிட்டர் கூடுதலாகத் தெரியும். 3ம் 3ம் எத்தனை? அவர்தான் கூட்டல் தெரிந்தவர், அவரே சொல்லட்டும்.

செந்தூல் ஹைலக்ஸ்
நான் எப்போதும் செய்வது போலத்தான் ஊற்றினேன்.

பிறை டீசல்காரன்
எப்போதும் எப்படி?

செந்தூல் ஹைலக்ஸ்
இது என்ன போலீஸ் விசாரணையா?

பாலிக் புலாவ் டுரியான்
செந்தூல் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. மலைத் தோட்டத்திலிருந்து பழம் ஏற்றி இறங்கும் பழைய பிக்கப் என்னுடையது. போன பருவத்தில் ஃபில்டரைக் கழற்றினேன். தாள் மடிப்புக்குள் செம்மண் அப்பி, செங்கல் மாதிரி கனத்தது. இரண்டு காய்ந்த சில்வண்டுகள் வேறு. புதியது போட்ட அன்றே வண்டி வேறு வண்டியாக ஓடியது. காற்று முக்கியம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

குளிர்காற்று
அடைத்த ஃபில்டரை மாற்றுவது வேறு, நல்ல ஃபில்டரைத் தூக்கிப் போட்டுக் கூம்பு மாட்டுவது வேறு. அடைத்த ஃபில்டரையே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. கார்ப்பரேட்டர் வைத்த பழைய காரில் மட்டும் எரிபொருளிலும் வேறுபாடு தெரிந்தது.

செந்தூல் ஹைலக்ஸ்
அதெல்லாம் பெட்ரோல் கார். என் வண்டி டீசல்.

குளிர்காற்று
ஆமாம், பெட்ரோல்தான். டீசலில் காற்று இன்னும் தாராளம் என்று ஐயா மேலே விளக்கிவிட்டாரே.

செந்தூல் ஹைலக்ஸ்
பெட்ரோல் கார் ஆய்வை வைத்து டீசல் வண்டியைத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பெட்ரோல். டீசல். இரண்டும் வேறு. படித்தவர்களுக்கு இதைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரவாங் ரைடர்
ஒரு சின்னக் கேள்வி. போன மாதம் செந்தூல் அண்ணன் மண் டயரைக் கழற்றிவிட்டுச் சாலை டயர் மாட்டிய படத்தை இங்கேதான் போட்டார். அது இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவிலா? பெரிய பட்டன் வைத்த டயருக்கும் சாதாரண டயருக்கும் எண்ணெய்ச் செலவு நன்றாகவே மாறுமே.

பிறை டீசல்காரன்
டயரைப் பிறகு பார்ப்போம். முதலில் "டக்".

செந்தூல் ஹைலக்ஸ்
டயரை ஏன் இழுக்கிறீர்கள்? டயர் நான் பாதுகாப்புக்காக மாற்றியது.

பிறைக்காரர் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று புதியவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எண்ணெய்க் குழாயில் கட்டும் காந்தத்தைப் பற்றி இங்கே எழுதினேன். அப்போதும் இவர்தான் வந்து என்னை ஏமாளி என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. பினாங்குக்காரர்களுக்கு ஒரு வழக்கம், கோலாலம்பூர்க்காரன் எது வாங்கினாலும் பணத்தை வீசுகிறான் என்பார்கள்.

பிறை டீசல்காரன்
ஏமாளி என்று சொன்னேன், மறுக்கவில்லை. அந்தக் காந்தம் மிச்சப்படுத்தியிருந்தால் இப்போது இன்டேக் எதற்கு? ஊரை இதில் இழுக்காதீர்கள். பிறை பினாங்குத் தீவில்கூட இல்லை, எதிர்க்கரையில் செபராங் பிறையில் இருக்கிறது.

நான் ஏன் குதிக்கிறேன் என்று கேட்டதால் சொல்கிறேன். போன ஆண்டு ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. செம்பனைத் தோட்டத்துக்குள் தினமும் ஓடும் வண்டி. யாரோ விலை குறைந்த கூம்பை மாட்டிவிட்டிருந்தார்கள். டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். முகப்பவுடர் மாதிரி சிவப்புத் தூள் விரலில் ஒட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் டர்போ சக்கரத்தின் இதழ் முனைகள் மழுங்கித் தேய்ந்திருந்தன. புதிதாக மாட்டும்போது நேராக இருந்த இதழ் எது, மண் தின்ற இதழ் எது என்று எனக்கு அடையாளம் தெரியும். காற்றளவு சென்சரின் கம்பியில், தூசி பிடிக்கக் கூம்பு ஃபில்டரில் தடவும் எண்ணெய் படிந்து அதன்மேல் தூசி ஒட்டியிருந்தது. அந்தப் பையன் இன்னும் வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். விலையைச் சொன்னதும் பட்டறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனும் எங்கேயோ "6 லிட்டர் மிச்சம்" என்று படித்துவிட்டுத்தான் மாட்டினான். இப்போது புரிகிறதா?

கேட்டரிங் அக்கா
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம் அண்ணே. நாலு பக்கம் "டக் டக்" என்று படித்து எனக்குத் தலை வலிக்கிறது.

செந்தூல் ஹைலக்ஸ்
மலிவுச் சாமான் மாட்டியவன் கதையை என் தலையில் கட்டாதீர்கள். நான் மாட்டியது 1,450 வெள்ளிச் சாமான். தோட்டத்துக்குள் நான் போவதில்லை. தார்ச்சாலையில் ஓடுகிறேன்.

குளிர்காற்று
நல்ல சாமானாக இருந்தாலும் ஒரே ஒரு பயணத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. வேகம் 90இல் இருந்து 110 ஆனாலே காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். மழை, சுமை, ஜூரு டோலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதெல்லாம் சேரும். பத்துப் பயணம் பழைய பெட்டியோடும் பத்துப் பயணம் புதியதோடும் ஓட்டி எழுதுங்கள், நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.

செந்தூல் ஹைலக்ஸ்
பழைய பெட்டியை விற்றுவிட்டேன்.

பாலிக் புலாவ் டுரியான்
எவ்வளவுக்கு விற்றீர்கள்? என் அண்ணனுக்கு ஹைலக்ஸ் பெட்டி ஒன்று வேண்டும்.

செந்தூல் ஹைலக்ஸ்
120 வெள்ளி.

பிறை டீசல்காரன்
புதிதாக வாங்கினால் என்ன விலை என்று தெரியுமா உங்களுக்கு? சரி, அதையும் விடுகிறேன். வண்டியோடு பிறைக்கு வாருங்கள். ஒரே பம்பு, ஒரே குழாய். நுரை அடங்கும்வரை காத்திருந்து கழுத்துவரை ஊற்றுவோம். ஈப்போ போய்த் திரும்பி அதே இடத்தில் அதே மாதிரி ஊற்றுவோம். எண்ணெய்ச் செலவு என்னுடையது.

செந்தூல் ஹைலக்ஸ்
தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வருகிறேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

குளிர்காற்று
தைப்பூச நெரிசலில் சோதனை செய்தால் எந்த எண்ணும் நிற்காது.

பிறை டீசல்காரன்
வரட்டும் தம்பி, விடுங்கள். குழாயை நானே பிடிக்கிறேன்.

செந்தூல் ஹைலக்ஸ்
என் வண்டிக்கு நான்தான் எண்ணெய் ஊற்றுவேன்.

பிறை டீசல்காரன்
ஊற்றுங்கள். "டக்" என்று நின்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.