டர்போ பைக்: புகைந்த ஒன்பது மாதம்

லேத்துக்காரன், கோவை:

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கில் டர்போ ஏற்றி பதினான்கு மாதம் ஆகிறது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. அதில் ஒன்பது மாதம் வண்டி ஓடியதைவிடப் புகைந்ததுதான் அதிகம். பவர் எவ்வளவு, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்தப் புகைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. 648 சிசி, இரட்டை சிலிண்டர், கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) 9.5தான். டர்போ ஏற்கெனவே காற்றை அமுக்கி அனுப்புவதால் இன்ஜின் தன் பங்குக்கு அதிகம் அமுக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்று சிலிண்டர் பிளாக்குக்கு அடியில் 1 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி வைத்தேன். 78 மி.மீ. போருக்கு, அதாவது சிலிண்டரின் உள் விட்டத்துக்கு, அது சிலிண்டருக்கு 4.8 சிசி இடம் கூட்டுகிறது. கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் 8.5-க்கு வந்து நிற்கும். பிளாக் உயர்ந்ததால் வால்வு திறந்து மூடும் நேரம் (கேம் டைமிங்) ஒரு துளி பின்தங்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்குப் பழக்கமான வேலை, இரண்டு வாரத்தில் முடிந்தது.

டர்போ உக்கடத்தில் பழைய சாமான் கடையில் எடுத்தது. 1.3 லிட்டர் டீசல் காருடையது, உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். புகை வெளியேறும் இரண்டு பென்ட் பைப்பையும் இன்ஜினுக்கு முன்னால் கீழே ஒன்றாகச் சேர்த்து, அங்கே தொங்கவிட்டேன். பார்க்க அழகு. அந்த அழகுதான் ஒன்பது மாதத்தைத் தின்றது.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஐடிலில் நிறுத்தினால் பின்னால் நீலப் புகை. கொசு மருந்து அடிக்கிற வண்டி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் டர்போ சீல் போய்விட்டது என்று பிரித்து மாற்றினேன். புகை. மறுபடி மாற்றினேன். மறுபடியும் புகை. பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்பட்டு கம்ப்ரஷன் பார்த்தேன், இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் ஹோஸைக் கழற்றி அம்மாவின் ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டு இன்ஜினை ஓடவிட்டேன். எண்ணெய் ஒழுகும் என்று பார்த்தால் வந்தது நுரை. டபராவில் காபியை ஆற்றினால் மேலே நிற்குமே, அப்படி. டர்போவின் தண்டு வேகம் பிடித்தால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். ஆயிலைக் கடைந்துதான் வெளியே தள்ளுகிறது. அந்த நுரைக்கு நான் போட்டிருந்த 8 மி.மீ. ஹோஸ் எந்த மூலைக்கு? அதைவிட ஒன்று: பாட்டிலில் விழுந்த நேரம் முழுக்கச் சைலன்சரில் புகையே இல்லை.

பக்கத்து லேத்துப் பெரியவர் டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏந் தம்பி, பள்ளத்துல இருந்து மேட்டுக்கு எங்கயாச்சும் தண்ணி பாயுமா?" என்றார். அவ்வளவுதான். டர்போவுக்குள் ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகிறது, வெளியே வருவது தன் எடையால் மட்டும். நான் டர்போவை வைத்த இடம் இன்ஜினின் ஆயில் மட்டத்துக்கும் கீழே. போன ஆயில் திரும்ப வழியில்லாமல் தேங்கி, சீலைத் தாண்டிச் சைலன்சருக்குப் போய் எரிந்திருக்கிறது. நல்ல சீல் இரண்டு செட்டைக் குப்பையில் போட்டவன் நான்.

இப்போது டர்போவுக்கு அடியில் ஒரு சின்னத் தொட்டி, 16 மி.மீ. ஹோஸ், அங்கிருந்து ஆயிலை மேலே இழுக்க 12 வோல்ட் பம்ப். ஆயில் அளவாகப் போக, உள்ளே போகும் வழியில் 1 மி.மீ. துளை போட்ட போல்ட். புகை நின்றது. காற்றை உள்ளே தள்ளுவதற்கு ஆயிரம் பேர் யோசனை சொல்கிறார்கள், ஆயிலை வெளியே எடுப்பதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. உங்களுக்கு என்ன அடி விழுந்தது, எழுதுங்கள்.

லாரிப் பட்டறை, நாமக்கல்:

தம்பி, டர்போவோடு இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். எங்கள் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்ப மாட்டார்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அப்புறம்தான் அணைப்பார்கள். ஓடி வந்த சூட்டில் பட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், உள்ளே இருக்கிற ஆயில் வெந்து கரியாகிப் பேரிங்கில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வைத்திருப்பது டீசல் டர்போ. பெட்ரோல் புகையின் சூடு டீசலைவிட அதிகம், ஆகவே உங்களுக்கு இது இன்னும் அவசியம்.

பழைய டர்போ வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடும், அது சகஜம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆடவே கூடாது. ஆடினால் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஓட்டை பிஸ்டன், சென்னை:

பேரிலேயே கதை இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டி, கம்ப்ரஷன் 12-க்கு மேல். அதில் டர்போ போடாதே என்று எல்லோரும் சொன்னார்கள், போட்டேன். இணையத்தில் 'போல்ட் மாட்டினால் போதும்' என்று விற்ற கிட்.

பெட்ரோல் பம்ப் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டர்போ 0.5 பாரில் எதிர்த்துத் தள்ளினால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.5தான். அதாவது பெட்ரோல் அதிகம் வேண்டிய நேரம் பார்த்துக் குறைவாக வரும். பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, பார்த்து பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒன்று வேண்டும். கிட்டில் அது இல்லை, எனக்கும் தெரியவில்லை. பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறியிருக்கிறது. முழு த்ராட்டிலில் உண்டியலில் சில்லறை குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று விநாடி இருக்கும். ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் நடுவில் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உருகியிருந்தது. அதை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்பா அதில் பேனா செருகி வைக்கிறார்.

பழைய கவாஸாகி, ஸ்காபரோ, கனடா:

நான் ஒன்றும் கட்டவில்லை, கம்பனி கட்டினதைத்தான் வாங்கினேன். 1984 கவாஸாகி ஜிபிஇசட் 750 டர்போ. அந்தக் காலத்தில் யப்பான் கம்பனிகள் நாலும் இந்த விசரில்தான் இருந்தவை. 1982-இல் ஹொண்டா சிஎக்ஸ் 500 டர்போ, யமஹா எக்ஸ்ஜே 650 டர்போ; பிறகு சுசுகி எக்ஸ்என் 85. கவாஸாகி கடைசியாக வந்தது, 112 குதிரைவலு. லேத்துக்காரர் மாதிரி அவங்களும் டர்போவை இஞ்சினுக்கு முன்னால், பைப்புக்குக் கிட்டவே வைத்தார்கள். புகை போகிற தூரம் குறைந்தால் டர்போ கெதியாக முழிக்கும்.

அப்பிடி இருந்தும் ஒருநாள் என்னை ஏமாற்றிப் போட்டுது. ஒக்டோபர் மாதம், ஈரத் தெரு, காய்ந்த மேப்பிள் இலை. வளைவில் கொஞ்சமாகத் திருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். இரண்டுக்கும் சேர்த்து இழுவை ஒரேயடியாக வந்து பின் சில்லு ஒரு முழம் வழுக்கினது. விழவில்லை. வீட்டுக்கு வந்து கராஜில் விட்டதுதான், ஏப்ரல் வரைக்கும் எடுக்கவில்லை. மனுசியிட்ட, குளிர் என்று சொல்லிப்போட்டேன்.

கவாஸாகியே 2015-இல் எச்2 விடேக்க டர்போவை விட்டிட்டு, இஞ்சினே நேராகச் சுற்றுகிற சுப்பர்சார்ஜர்தானே போட்டது.

லேத்துக்காரன், கோவை:

நாமக்கல் அண்ணா, நன்றி. சாவியைத் திருப்பிய பிறகும் ஒரு நிமிடம் பம்ப் ஓடும்படி ரிலே வைத்துவிட்டேன், ஐடில் கணக்கையும் இனிமேல் விட மாட்டேன். சென்னைத் தம்பி சொன்ன ரெகுலேட்டர் என் வண்டியில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் புத்திசாலி.

பவர் கேட்டீர்கள், சரி. பவர் அளக்கும் டைனோ மெஷினில் பின் சக்கரத்தில் 41 குதிரைத்திறன் இருந்தது 58 ஆனது, 0.4 பார் பூஸ்டில். அதைக் கண்டதும் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது, ஸ்பிரிங்கை மாற்றினேன்.

ரோட்டில் ஓட்டுகிறீர்களா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: இல்லை. ஆரம்பத்தில் ராத்திரியில் நாலைந்து தெரு சுற்றினேன், அது தப்புதான். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விபத்து என்று ஒன்று ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இந்தத் தேங்காயைத்தான். இப்போது டெம்போவில் ஏற்றிச் செட்டிபாளையம் ட்ராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறேன்.

போன மாதம் அங்கே மூன்றாவது சுற்றில் பம்ப் ஃபியூஸ் போய் மறுபடி கொசு மருந்து. மீட்டர் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறேன், பம்ப் நின்றால் எரியும். ஊறுகாய் பாட்டிலை அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எத்தனை முறை சோப்பு போட்டாலும் ஆயில் வாடை போக மாட்டேன் என்கிறது.