அட்டை கிழிந்த மாத நாவல்: பெயர் தெரியுமா?

வணக்கம் நட்புகளே, ஒரு கதையின் பெயர் வேண்டும்.

போன வாரம் அம்மா வீட்டுப் பரணை ஒதுக்கியபோது பழைய மாத நாவல் ஒன்று கிடைத்தது. நடுவில் பின் அடித்த புத்தகம் அல்லவா, அட்டையோடு வெளித்தாள்கள் இரண்டும் கழன்றுவிட்டன. தலைப்பு, எழுதியவர் பெயர், கடைசிப் பக்கங்கள் எல்லாம் ஒன்றாகவே போச்சு!

கதை எளிமையானதுதான். அப்பாவின் கடனுக்காகக் குன்னூர் எஸ்டேட் பங்களாவுக்கு வேலைக்கு வரும் நந்தினி, சிடுசிடு முதலாளி முகுந்தன். மேட்டுப்பாளையத்தில் அவள் மலை ரயில் ஏறும்போதே முடிவு தெரிந்துவிடும். ஒரு கடிதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு நாற்பது பக்கம் பேசாமல் இருக்கிறார்கள். 73-ஆம் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலில், "வாயைத் திறந்து கேட்டுத் தொலையேன்டி" என்று எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் கையெழுத்து மாதிரி இருக்கிறது. கேட்டால் சிரித்து மழுப்புகிறார்.

ஆனால் ஓர் இடம் மனதில் நின்றுவிட்டது. காய்ச்சலில் கிடப்பவளுக்கு அவனே ரசம் வைக்கிறான், உப்புப் போட மறந்துவிடுகிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடிக்கிறாள். வசனமே இல்லை. முன்கோபக்கார நாயகர்கள் எனக்கு ஆகாது. இவனை அந்த ரசத்துக்காக மன்னித்துவிட்டேன்.

என் பிரதி 92-ஆம் பக்கத்தில், அவன் ஸ்டேஷனுக்கு ஜீப்பில் விரைவதோடு நிற்கிறது. லெண்டிங் லைப்ரரி காலத்தில் படித்தவர்கள் யாராவது இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம், ரயிலைப் பிடித்தானா?