படிகாரப் படிகம் பெரிதாக வளர வழி சொல்லுங்கள்

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அறிவியல் கண்காட்சிக்காகப் படிகம் வளர்க்கிறோம். நாட்டுமருந்துக் கடைப் படிகாரத்தை வெந்நீரில் இனி கரையாது என்கிற வரை கரைத்து, வடிகட்டி, ஒரு விதைப் படிகத்தை (மேலே வளரத் தொடக்கமாக வைக்கும் சிறு படிகம்) நூலில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று நாளில் பாட்டிலின் அடி முழுக்க சர்க்கரை போலப் பொடிப்பொடியாய்ப் படிந்துவிட்டது. நூலில் இருந்தது பயறு அளவைத் தாண்டவில்லை.

மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் இந்த ஆசையே வந்தது. ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டில் கண்ணில் பட்ட குகை அது. உள்ளே 11 மீட்டர் நீள ஜிப்சம் படிகங்கள்! அடியிலிருந்த மாக்மா சூட்டில் குகை நீர் 58 டிகிரியை ஒட்டியே நெடுங்காலம் நின்றிருக்கிறது. ஜிப்சத்தின் நீரற்ற வடிவமான அன்ஹைட்ரைட் என்கிற கனிமம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, ஜிப்சம் வளர்ந்தது. சூடு மிக மெல்லக் குறைந்ததால் புதுப் படிகங்கள் அதிகம் முளைக்கவில்லை; முளைத்த சில மட்டும் லட்சக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்தன.

அப்படியானால் எங்கள் கரைசல் வேகமாக ஆறியதுதான் தவறா? பாட்டிலைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் போதுமா, அல்லது முழுதும் ஆறிய கரைசலில் விதையைப் போட்டு நீர் தானாக ஆவியாக விடுவது நல்லதா? பருத்தி நூலுக்குப் பதில் மீன்பிடி நரம்பு உதவுமா? எங்களுக்குக் கிடைப்பது உப்பேறிய போர் தண்ணீர், அதுவும் கெடுக்குமோ?

அழகான எண்முகப் படிகம் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.