டிஸ்க் எப்போதும் 100%: ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடலாமா?

பச்சைத்தவளை:
வீட்டு டெஸ்க்டாப். இன்டெல் ஐ3, 10வது தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் (சி 200 ஜிபி, மீதி டி), விண்டோஸ் 10. ஐந்து வருடமாக அதே இன்ஸ்டலேஷன்தான். மூன்று மாதமாக, ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர ஆறேழு நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்றே நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் 1 எம்பிகூட இல்லை. சில ஃபோல்டர்களைத் திறந்தால் எல்லாம் உறைந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை நீலத்திரை. வைரஸ் ஸ்கேன் சுத்தம். டெம்ப் ஃபைல்களை அழித்தாயிற்று, ஸ்டார்ட்அப் நிரல்களைக் குறைத்தாயிற்று, பலன் இல்லை.

சி-யை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டால் சரியாகுமா? டி-யில் உள்ள படங்கள் பத்திரமாக இருக்கும்தானே?

சுத்தியல்:
இப்போதைக்கு ஃபார்மட் வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது: டிஸ்க் 100%, ஆனால் வேகம் இல்லை. விண்டோஸில் குப்பை சேர்ந்திருந்தால் டிஸ்க் ஓயாமல் வேலை செய்யும், வேகமும் ஓரளவு தெரியும். வேலையே நடக்காமல் 100% காட்டினால், கேட்ட இடத்தைப் படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மூன்று இடத்தில் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம். நல்ல ஹார்டு டிஸ்க்கில் 10, 20 மில்லிசெகண்ட்; பளு கூடினால் சில நூறு வரை போகும். ஒன்றும் ஓடாதபோதே ஆயிரக்கணக்கில் நின்றால் கோளாறு. அடுத்து ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம்: 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7, 153 என்ற எண்கள் வந்திருக்கின்றனவா? 7 என்றால் படிக்க முடியாத பிளாக். 153 என்றால் படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயல வேண்டியிருந்தது.

கடைசியாக, டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எண்ணி வைக்கும் கணக்கைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலைப் போட்டு, அதில் 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் ரா மதிப்பை (எண்ணிக்கையை) இங்கே போடுங்கள். சி7 (தரவு கேபிளில் வரும்போது நேரும் பிழைகள்) மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை 'ஆர்' விருப்பத்தோடு ஓட்டாதீர்கள். டிஸ்க் முழுவதையும் தேய்த்துப் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி அடியாகிவிடலாம். டி-யைப் பற்றி: பெயர்தான் இரண்டு, உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். சி கெட்டால் டி-க்குத் தனிப் பாதுகாப்பு கிடையாது.

தூசிதட்டி:
டிஸ்க் நல்லா இருந்தா மட்டும் இதைப் பாருங்க. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முதல்ல டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த், அது முடிஞ்சதும் எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ. ரெண்டும் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைச் சரிபண்ற கட்டளைகள். நிறைய பேர் தலைகீழா ஓட்டுறாங்க. எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுக்குறதே உள்ளே இருக்குற காம்பொனன்ட் ஸ்டோர்ல இருந்துதான். அந்த ஸ்டோரைச் சரிபண்றது டிஸ்ம். ஸ்டோரே கெட்டிருந்தா எஸ்எஃப்சி எங்க போகும்?

அப்புறம் புதுசா ஒரு யூசர் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணுங்க. அதுல வேகமா இருந்தா கோளாறு விண்டோஸ்ல இல்ல, பழைய ப்ரொஃபைல்ல. எம்எஸ்கான்ஃபிக்ங்கிற விண்டோஸ் கருவியில மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைச்சுட்டு மத்ததை எல்லாம் நிறுத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்ப சரியானா பாதியைத் திருப்பி ஆன் பண்ணி, மறுபடி பாதினு போனா குற்றவாளி நாலஞ்சு ரீஸ்டார்ட்ல மாட்டிக்குவான்.

இதுலயும் நடக்கலைன்னா, விண்டோஸ் இன்ஸ்டாலர் இருக்குற ஐஎஸ்ஓ ஃபைலை விண்டோஸ் உள்ளேயே திறந்து செட்டப்பை ஓட்டி, ஃபைலும் நிரலும் அப்படியே இருக்கட்டும்னு தேர்ந்தெடுங்க. சிஸ்டம் ஃபைல் எல்லாம் புதுசாகும், போட்ட நிரல் எதுவும் போகாது. 'ரீசெட் திஸ் பிசி'-ல 'கீப் மை ஃபைல்ஸ்'னு இருக்கே, அதை நம்பிக் குழம்பாதீங்க: ஃபைல் இருக்கும், நீங்க இன்ஸ்டால் பண்ண நிரல் எல்லாம் போயிடும்.

பச்சைத்தவளை:
05: 0. சி5: 18. சி6: 18. சி7: 0. ஈவன்ட் வியூவரில் 7 என்ற எண் நாற்பது தடவைக்கு மேல். ரெஸ்பான்ஸ் டைம் 3000 வரை போகிறது. 05 பூஜ்யம் என்பதால் டிஸ்க் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சுத்தியல்:
இல்லை. முதலில், அந்த 18 பதினெட்டு அல்ல. அந்த நிரல் ரா மதிப்பைப் பதினாறடிமான எண்ணில் காட்டும், அமைப்பை மாற்றினால்தான் தசமம். 18 என்றால் 1×16 + 8, அதாவது 24 செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்).

சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் எண்ணிக்கை. அந்த இடத்தில் மறுபடி எழுதும்போதுதான் டிஸ்க் முடிவு செய்யும்: எழுத்து நின்றால் நிலுவையிலிருந்து நீக்கும், நிற்காவிட்டால் மாற்று செக்டார் ஒதுக்கி 05-இல் கணக்கு வைக்கும். உங்கள் டிஸ்க்கில் அந்தக் கட்டமே வரவில்லை, அதனால்தான் 05 பூஜ்யம்.

ஃபார்மட் செய்தால் 'சரியாகிவிட்டது' என்று பலர் நம்புவதும் இதனால்தான். முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் எழுதுவதால் சி5 பூஜ்யத்துக்கு வரும், கணினி சில வாரம் ஓடும், பிறகு வேறு இடத்தில் தொடங்கும். அதற்குள் படங்கள் போயிருக்கும்.

இன்றே டி-யை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஈடு செய்ய முடியாதவை முதலில், இறக்கிக்கொள்ளக்கூடியவை கடைசியில். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப்போட்டால் ஒரு கெட்ட ஃபைலில் எல்லாம் நின்றுவிடும். விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஆர் 1 (ஒரே ஒரு மறுமுயற்சி), டபிள்யூ 1 (ஒரு விநாடி காத்திருப்பு) என்ற விருப்பங்களைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரே ஃபைலை 10 லட்சம் முறை, 30 விநாடிக்கு ஒருமுறை முயன்றுகொண்டிருக்கும். இயல்பான அமைப்பே அதுதான். லாக் ஃபைல் எழுதச் சொன்னால் எவை வரவில்லை என்று பிறகு பார்க்கலாம்.

பச்சைத்தவளை:
எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி, இதையே அதில் குளோன் (அப்படியே முழு நகல்) செய்துவிடலாமா? நிரல்களை மறுபடி போட வேண்டாமே.

தூசிதட்டி:
நல்ல டிஸ்க்கா இருந்தா அதுதான் சுலபம். இதுல வேண்டாம். குளோன் நிரல் கெட்ட செக்டார்ல நின்னுடும், இல்ல அதைத் தாண்டிப் போயிடும். தாண்டினா எந்த ஃபைல்ல ஓட்டை விழுந்துச்சுன்னு தெரியாது. அது ஒரு சிஸ்டம் ஃபைலா இருந்தா புது எஸ்எஸ்டியிலயும் அதே நீலத்திரைதான்.

மடைதிறப்பு:
ஆக விண்டோஸைப் புதிதாகப் போடத்தான் வேண்டும், ஆனால் வேறு டிஸ்க்கில். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, எனவே நேராக 11 போடுங்கள். 11 ஏற்கும் ப்ராசசர்களின் பட்டியலில் உங்களுடையது உண்டு. 11-க்குத் தேவையான டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று சொன்னால், பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) அதன் இன்டெல் வடிவமான பிடிடி அணைந்திருக்கும், அதை ஆன் செய்யுங்கள்.

8 ஜிபி பென் டிரைவில் மீடியா கிரியேஷன் டூல் வழியாக இன்ஸ்டாலரை உருவாக்குங்கள். பூட் பட்டியலில் பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்காரக்கூடும். பிறகு அதைக் கழற்றினால் எஸ்எஸ்டி பூட் ஆகாது. கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' என்று கொடுத்து, இப்போது உள்ள அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், தேர்ந்தெடுங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க் மாறியதால் போகாது. இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

கழற்றுவதற்கு முன் சி-யிலிருந்தும் எடுக்க வேண்டியவை உண்டு. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் எல்லாம் சி-யில்தான் இருக்கும். பிரவுசர் புக்மார்க், பாஸ்வேர்டு, ஆஃபிஸ் கீ. டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அந்த 48 இலக்க மீட்பு எண். அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு கணினியில் திறக்க முடியாது. வைஃபை அல்லது லேன் டிரைவரையும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இணையம் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் இணையம் வராது.

பலர் மறப்பது எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டாப், டிஸ்கி வகை எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகள் இருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றை நகலெடுங்கள். புது விண்டோஸில் அவை இருக்காது. கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

பச்சைத்தவளை:
நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, லாகில் இதுவரை 7 ஃபைல் தோல்வி. பழைய டிஸ்க்கைப் பிறகு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

சுத்தியல்:
வேண்டாம். அந்த 7 ஃபைலும் வேறு எங்காவது கிடைக்கிறதா என்று பார்த்து முடிக்கும்வரை கழற்றி அப்படியே வைத்திருங்கள். எதையும் எழுதாதீர்கள்.