வீட்டு ஆட்டுக் கம்பளியில் கையால் பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்தவர்கள், வெட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி மகள்

ஸ்வெட்டரின் கையை மட்டும்தான் நீளமாக்க நினைத்தேன். என் மகனுக்கு மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிட்டது. அப்பாவின் ஸ்வெட்டர் அது. வீட்டில் ஆறு நீலகிரி ஆடுகள் இருந்தபோது அம்மாவே தக்ளியில் நூற்றுப் பின்னியது. மேய்ச்சல் நிலமெல்லாம் தேயிலையாகிப் போனதும் ஆடுகளை விற்றுவிட்டோம். அந்த நூல் இனி எங்கேயும் கிடைக்காது.

மணிக்கட்டுப் பட்டியைப் பிரித்து, கீழே இன்னும் கொஞ்சம் பின்னிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நுனியை இழுத்தால் நூல் வரவே இல்லை. அரை மணி நேரம் போராடிய பிறகுதான் புரிந்தது, அம்மா மணிக்கட்டில் ஆரம்பித்துத் தோளில் முடித்திருக்கிறார். முடித்த பக்கத்திலிருந்துதான் பின்னல் சரசரவென்று பிரியும், ஆரம்பித்த பக்கத்திலிருந்து பிரியாது. வேறு வழியில்லாமல் பட்டிக்கு மேலே ஒரே ஒரு கண்ணியை, அதாவது பின்னலின் ஒரு வளையத்தை, நறுக்கி, அந்த வரிசை நூலை ஊசி முனையால் கண்ணி கண்ணியாக நெம்பி எடுத்தேன். மொத்தம் 52 கண்ணி.

நாற்பதைத் தாண்டும்போது நூல் சிக்கியது. பார்த்தால் முறுக்குக்குள் ஒரு ஒட்டுப்புல் விதை. ஆட்டின் மேல் ஒட்டி, கம்பளியைக் கழுவியும் போகாமல், அம்மாவின் விரலுக்கும் தப்பி உள்ளே போயிருக்கிறது. அப்பா எப்போதும் அந்த இடது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே இருப்பார். கம்பளி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் வருடக்கணக்கில் களிம்பு வாங்கிக் கொடுத்தோம். அவரும் ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை.

விதை என் உள்ளங்கையில் இருந்தது. அதற்கு மேல் அன்று ஊசியைத் தொட முடியவில்லை.

நோர்வே அம்மம்மா

பிள்ளை, வாசித்ததும் எனக்கு என் பக்கத்து வீட்டு அம்மாவின் ஞாபகம் வந்தது. தான் வளர்த்த ஆட்டின் கம்பளியில் எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்றாவது குளிர்காலம், நான் மெலிந்து போயிருந்தேன். போட்டால் இரண்டு பக்கமும் தொங்கியது. சொல்லக் கூச்சம், மடித்து ஊசி குத்திப் போட்டேன். அவர் கண்டுவிட்டார். கழற்றச் சொன்னார். பக்கவாட்டில் தையல் மெஷினில் இரண்டு வரி நெருக்கமாக ஓட்டினார், பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். நான் அவரின் கையைப் பிடித்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, அடியிலிருந்து கக்கம் வரை ஒரே இழுவையில் வெட்டினார். ஒரு கண்ணிகூடக் கழலவில்லை. இங்கே குழாய் மாதிரிப் பின்னி, கை வைக்கிற இடத்தை வெட்டித் திறப்பது பழைய வழக்கம். வெட்டினால் பிரியும் என்று பயப்பட வேண்டாம்.

மன்னவனூர்க்காரர்

மேலே நோர்வே அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் கத்தரியைத் தூக்காதீர்கள். அவர் சொல்வது இரண்டு நிற நூல் ஓடும் நெருக்கமான பின்னலுக்கும், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் முரட்டுக் கம்பளிக்கும் சரி. எங்களுடையது பாரத் மெரினோ கலப்பு ஆடு, மென்மையான கம்பளி, ஒற்றை நூல், தளர்வான பின்னல். டவுனில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் துணி மாதிரியே இழுத்துப் பிடித்து ஓரம் அடித்துவிட்டார். கையில் வாங்கியபோது விளிம்பு முழுக்கப் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக விரிந்து நின்றது. என் மனைவி ஒன்றும் பேசாமல் மடித்து உள்ளே வைத்தார், இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

கோத்தகிரி அக்காவுக்கு: பிரித்த நூலை அப்படியே பின்னாதீர்கள். சுருள் சுருளாக இருக்கும், கண்ணி ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வரும். நாற்காலி முதுகில் பெரிய வளையமாக, சிட்டமாகச் சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவிட்டு, பிழியாமல் துண்டில் ஒற்றி, லேசான கனம் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். நூலை நூலோடு சேர்க்க முடிச்சு வேண்டாம். இரண்டு நுனியையும் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் சூடு வரும்வரை தேயுங்கள், ஒட்டிக்கொள்ளும். சாயம் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். இன்னொன்று, மேலிருந்து கீழே பின்னும்போது புதிய கண்ணிகள் அரைக் கண்ணி தள்ளி நிற்கும். வெற்றுப் பின்னலில் தெரியாது, மேடு பள்ளமாகக் கோடு விழும் ரிப் பட்டியின் நடுவில் சேர்த்தால் தெரியும். அதனால் பட்டியை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

குலுவில் இருந்தவன்

என்னுடையது ஒரே வரிதான். வீட்டுக்கார அம்மா தன் ஆட்டு ரோமத்தில் பின்னிக் கொடுத்தது, வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது என் மகளின் பொம்மைக்குச் சரியாக இருந்தது, கட்டிலின் மேல் வைத்தால் அட்டை மாதிரி நின்றது. அது நீளாது. அப்படி இறுகிய கம்பளியை வெட்டினால் பிரியவும் பிரியாது, அதை வெட்டித்தான் பூட்ஸுக்குள் போடும் அடித்தட்டு செய்தேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கோத்தகிரி மகள்

எல்லோருக்கும் நன்றி. மன்னவனூர் அண்ணா, நோர்வே அம்மாவைத் தப்பு சொல்லாதீர்கள், அவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நூலுக்கு வழி கிடைத்துவிட்டது. கழுத்துப்பட்டியை அம்மா இரட்டையாக மடித்துத் தைத்திருந்தார். அது கடைசியாகப் பின்னியது, அதனால் இழுத்ததும் ஓடி வந்தது. உள்மடிப்பை மட்டும் பிரித்தேன். வெயில் படாததால் நிறம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் அடர்த்தி, மணிக்கட்டில் ஒரு வளையம் போட்ட மாதிரி தெரிகிறது. நனைத்தபோது ஆட்டு வாசனை வந்தது, மகன் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை முகர்ந்தான்.

இடது கை முடிந்தது. அந்த விதை அம்மாவின் ஊசி டப்பாவில் இருக்கிறது. வலது கைக்கு மிச்ச நூல் போதுமா என்று நாளைக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.