என் ஆக்ரானைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

நண்பர்களே, போக்கிமான் ஒமேகா ரூபி வீடியோ கேம் ஆடுகிறேன். ஸ்டர்டி திறன் உள்ள ஆக்ரான் என்ற போக்கிமானை ஆசையாக வளர்த்து வைத்திருக்கிறேன். உயிர்ப்புள்ளி முழுதாக இருந்தால், எவ்வளவு பலமான ஒற்றை அடியானாலும் 1 புள்ளியோடு நின்றுவிடும். பிறகு மெட்டல் பர்ஸ்ட் என்ற தாக்குதல். வாங்கிய அடி ஒன்றரை மடங்காகத் திரும்பிப் போகும். 145-இல் 144 போனால், எதிரிக்கு 216! இந்தக் கணக்கை நம்பித்தான் குழுவையே அமைத்தேன்.

நேற்று சித்தி மகனிடம் இரண்டு ஆட்டமும் தோற்றேன். முதல் ஆட்டத்தில் அவன் ஸ்டெல்த் ராக், அதாவது இறங்குபவரைக் குத்தும் கற்களை, விரித்து வைத்திருந்தான். ஆக்ரான் களத்தில் இறங்கியதுமே கல் குத்திக் கொஞ்சம் குறைந்தது. முழு உயிர் இல்லாததால் ஸ்டர்டியும் போயிற்று. அது என் கவனக்குறைவு.

இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். முழு உயிரோடு நின்ற ஆக்ரானை அவனுடைய ஹாக்ஸோரஸ் என்ற போக்கிமான் ஒரே எர்த்குவேக் தாக்குதலில் சாய்த்துவிட்டது. அது இறங்கியபோது திரையில் ஏதோ ஒரு வரி வந்தது; நான் படிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டேன். அதன் திறன், எதிரியின் திறனையே மதிக்காத மோல்ட் பிரேக்கர் என்று பிறகுதான் புரிந்தது.

இப்போது என்ன பொருள் கொடுப்பது? ஏர் பலூன் கொடுத்தால் எர்த்குவேக் படாது, ஆனால் வேறு அடி பட்டதும் வெடித்துவிடும். ஃபோகஸ் சாஷும் ஸ்டர்டி போலவே 1 புள்ளியோடு நிறுத்தும்; திறன் அல்ல, பொருள் என்பதால் மோல்ட் பிரேக்கரிடமும் செல்லுபடியாகும். ஆனால் ஒருமுறைதான், கல் குத்தினால் அதுவும் வீண். ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஆக்ரானை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டம்.