புதுக்கோட்டைக்கு ஒருநாள்: மியூசியம், சித்தன்னவாசல், கூடவே முட்டிவலி அம்மா. சேருமா?

வயலூர் ரோடு (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருச்சி. பையனோட அரையாண்டு லீவுல ஒருநாள் புதுக்கோட்டைப் பக்கம் போகலாம்னு இருக்கோம். காலைல கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துடணும். சொந்தக் கார், வீட்டுக்காரர் ஓட்டுவார்.

போறது நாலு பேர். பையனுக்கு ஒன்பது வயசு, கல்லு, எலும்புக்கூடு, கத்தி இதுல எது இருந்தாலும் போதும். அம்மாவுக்கு முட்டிவலி, அறுபத்தெட்டு வயசு. சமதளத்துல நல்லா நடப்பாங்க, படி ஏறினா இறங்க முடியாது. ஆனா எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கோயில்ல அர்ச்சனை பண்ணாம வண்டியில ஏற மாட்டாங்க. வீட்டுக்காரர் எங்க இறக்கிவிட்டாலும் அரைமணிக்கு ஒருதடவை டீக்கடை தேடுவார்.

என் லிஸ்ட்: நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, புதுக்கோட்டை மியூசியம், திருமயம் கோட்டை. வெள்ளிக்கிழமை போகலாம்னு நினைச்சிருக்கேன். "மியூசியமா, அரைமணி போதும், பாடம் பண்ணின புலியைப் பார்த்துட்டு வந்துடு"ன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. இந்த ஐந்தும் முடியுமா? எந்த வரிசையில போகணும்?

கீரனூர் வாத்தியார்:

முதல்ல கிழமையை மாத்துங்க. அரசு மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புதுக்கோட்டைக்கு மட்டுமில்ல, எழும்பூருக்கும் அதுதான் வழக்கம். வியாழக்கிழமை வாங்க.

அடுத்து அந்த லிஸ்ட். ஐந்தையும் ஒரே நாள்ல காரில் சுத்திடலாம், பார்க்க முடியாது. நான் முப்பது வருஷம் சமூக அறிவியல் எடுத்தவன், எங்க பசங்களை இந்த மலைகளுக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கேன். இந்தப் பக்கத்துல நாளைத் திட்டம் போடுறது பாறைதான், நாம இல்ல. மார்கழியிலகூடப் பதினோரு மணிக்கு மேல மொட்டைப்பாறையில கால் வைக்க முடியாது. அதனால கோயில் காலையில, மியூசியம் உச்சிவெயில்ல, மலை சாயங்காலத்துல. இதை வெச்சுக்கிட்டு மத்ததை முடிவு பண்ணுங்க.

நார்த்தாமலையை எடுத்துடுங்க. சொல்ல எனக்கே மனசு வரல, ஏன்னா மேலமலையில இருக்கிற விஜயாலய சோழீச்சரம் மாதிரி ஒரு கற்றளி (கல்லால கட்டின கோயில்) இந்த மாவட்டத்துலயே கிடையாது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். பேரு சோழன் பேரு, ஆனா சாத்தன் பூதிங்கிற இளங்கோவதியரையர் எடுப்பிச்சதுன்னும், மழை இடிச்சதை மல்லன் விடுமன் புதுக்கினான்னும் அங்கேயே கல்வெட்டு சொல்லுது. எதிர்ல ஒரு குடைவரையில பன்னிரண்டு திருமால் வரிசையா நிக்கிறார். எல்லாம் சரி, ஏறிப் போற வழி வழுக்குப் பாறை, கைப்பிடிக்க ஒண்ணுமில்ல. அம்மாவை அதுல ஏத்தவே கூடாது. பையன் கொஞ்சம் வளர்ந்ததும் அப்பாவும் மகனுமா விடியற்காலையில வரட்டும்.

இனி உங்க நாள். எட்டரைக்குத் திருச்சியில கிளம்புங்க. கீரனூர்ல ஒரு டீ. புதுக்கோட்டை ஊருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே திருக்கோகர்ணம் வரும். அங்க கோகர்ணேசுவரர், பிரகதாம்பாள் கோயில். அம்மாவோட அர்ச்சனையை இங்க முடிச்சுடுங்க, பன்னிரண்டுக்கு நடை சாத்திடுவாங்க. மூலஸ்தானம் பாறையைக் குடைஞ்சது. முன்னாடி இருக்கிற மண்டபமெல்லாம் பின்னால வந்ததுதான், அதனால உள்ளே போகப் போக வயசு கூடும்.

பிரகதாம்பாளைப் பார்க்கும்போது பையனுக்கு ஒண்ணு சொல்லிவைங்க. புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் ராஜாக்களுக்கு இவதான் குலதெய்வம். சமஸ்தானம் சொந்தமா அடிச்ச செப்புக்காசுல ஒரு பக்கம் இவ உட்கார்ந்திருப்பா, மறுபக்கம் தெலுங்கு எழுத்துல 'விஜய'ன்னு இருக்கும். அம்மன் காசுன்னு பேரு, சின்ன விரல் நகத்தளவுதான். நவராத்திரியில அரிசியோட சேர்த்து அந்தக் காசையும் தானமா கொடுத்திருக்காங்க. வெள்ளைக்காரன் நாட்டையே ஆண்ட காலத்துலயும் இந்தக் குட்டி சமஸ்தானம் தன் காசைத் தானே விட்டுக்கிட்டு இருந்தது. 1948 மார்ச் 3-ல இந்தியாவோட சேர்ந்தது. இதைச் சொல்லிட்டு மியூசியத்துக்குள்ள விட்டீங்கன்னா பையன் தானா காசு எங்கேன்னு தேடுவான்.

மியூசியமும் அதே திருக்கோகர்ணத்துலதான். 1910-ல சமஸ்தானம் ஆரம்பிச்சது. சென்னைக்கு அடுத்தபடியா தமிழ்நாட்டுல பெரிய அரசு மியூசியம் இதுன்னு சொல்வாங்க. அரைமணி போதும்னு சொன்னவங்க புலியை மட்டும் பார்த்திருக்காங்க. இந்த மாவட்டம் முழுக்கப் பெருங்கற்காலப் புதைகுழிகள். சித்தன்னவாசலுக்குப் போற வழியிலேயே ரோட்டோரமா கல்வட்டங்கள் கிடக்கும், ஆடு மேயும். அந்த மாதிரி குழியிலிருந்து எடுத்த தாழிகளை இங்க வெச்சிருக்காங்க. தாழியை முதல்ல பார்த்துட்டு, மூணு மணிக்கு அந்தக் கல்வட்டத்து ஓரமா வண்டியை நிறுத்திக் காட்டுங்க. கத்தி, துப்பாக்கி, கனிமம், பூச்சி, சிலைன்னு மத்ததுக்கு அவனே வழி கண்டுபிடிச்சுக்குவான். இரண்டு மணிநேரம் ஒதுக்குங்க. அம்மாவுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம், தலைக்கு மேல கூரை இருக்கு.

சாப்பாடு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம். பேர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன், சொன்ன அடுத்த மாசமே மாஸ்டர் மாறிடுறார். கூட்டம் இருக்கிற இடத்துல இலை போடச் சொல்லுங்க.

மூணு மணிக்குச் சித்தன்னவாசல், அன்னவாசல் ரோட்டுல சுமார் பதினாறு கிலோமீட்டர். இது தொல்லியல் துறை டிக்கெட் இடம், 15 வயசுக்குள்ள குழந்தைகளுக்கு இலவசம். அங்க பார்க்க வேண்டியது ரெண்டு, தனித்தனியா இருக்கு. அறிவர் கோயில்னு சொல்ற சமணக் குடைவரை குன்றோட மேற்குச் சரிவுல. ஏழடிப்பட்டம்னு சொல்ற, சமணத் துறவிகளோட கல் படுக்கைகள் கிழக்குப் பக்கம். எல்லாரும் காலையில வந்து ஏழடிப்பட்டத்துல மூஞ்சிக்கு நேரா வெயில் வாங்கிட்டுத் திட்டிக்கிட்டே இறங்குவாங்க. சாயங்காலம் குன்றே அந்தப் பக்கத்துக்கு நிழல் போடும். அதுக்காகத்தான் இதைக் கடைசியில வெச்சேன்.

ஏழடிப்பட்டத்துக்கு அம்மா வேண்டாம். அடிவாரத்துல பூங்கா இருக்கு, ஒருத்தர் கூட உட்காரட்டும் (வீட்டுக்காரருக்கு டீ கிடைக்கும்). மேலே வழவழன்னு தலையணை மேட்டோட வெட்டின படுக்கைகள். பெரிய படுக்கையைச் சுத்தி இருக்கிற தமிழி (தமிழ் பிராமி) எழுத்தைத் தேடச் சொல்லுங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலான எழுத்து. எருமிநாட்டுக் குமுழூர்ல பிறந்த காவுடி ஈதேன் என்கிறவருக்குச் சிறுபோசில் இளயர் செஞ்சு கொடுத்த இருக்கைன்னு அதுல இருக்கு. யாருக்கு, எந்த ஊர்க்காரர், யார் செஞ்சது, மூணும் ஒரே வரியில! நம்ம ஊர்ல டியூப்லைட்டு உபயக்காரர் பேர் எழுதுறதுக்கு மூத்த வழக்கம் இதுதான்.

அறிவர் கோயில்ல விதானத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருங்க. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். தாமரைக்குளம், மீன், யானை, எருது, அன்னம், பூப்பறிக்கிற ஆட்கள். சுண்ணாம்புச் சாந்துமேல தீட்டினது. தூண்ல ஆடற பொண்ணுங்க ரெண்டு பேர் மங்கிப்போய் இருக்காங்க, ஆனா வளைஞ்ச கையைப் பார்த்துட்டா மிச்சத்தை நாமே வரைஞ்சுக்கலாம். கருவறைக்குள்ள நின்னு மெதுவா ஒரு 'ம்' சொன்னா சுவரெல்லாம் சேர்ந்து சொல்லும். பையன் அதை விடமாட்டான், வரிசையில நிக்கிறவங்ககிட்ட முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுடுங்க. ஐந்து மணிக்குள்ள வெளிய வந்துடணும்.

திரும்பும்போது வந்த வழியே வராம இலுப்பூர், விராலிமலை வழியா வாங்க. பொழுது சாயுற நேரம், மயில்கள் வயல்ல நிக்கும்.

காரைக்குடி பைபாஸ்:

சார் திருமயத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாம தள்ளிட்டார். ஒன்பது வயசுப் பையனுக்குக் கோட்டையை விட்டுட்டுக் குகையா? 1687-ல சேதுபதி கட்டினது, உச்சியில பீரங்கி இருக்கு. கீழே சிவன், பெருமாள் ரெண்டு குடைவரையும் ஒரே பாறையில பக்கத்துல பக்கத்துல. அம்மாவுக்கு ஒரே இடத்துல ரெண்டு அர்ச்சனை. சித்தன்னவாசல்ல ஓவியம் பாதி அழிஞ்சாச்சு, போட்டோவிலேயே நல்லாத் தெரியும். அப்புறம், அதைக் குடைஞ்சது மகேந்திரவர்ம பல்லவன்னு சொல்லிக் கொடுங்க, பரீட்சையில வரும்.

கீரனூர் வாத்தியார்:

தம்பி, கோட்டையை நான் குறைச்சுச் சொல்லல. புதுக்கோட்டையிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர், சித்தன்னவாசல் வடமேற்கே. ரெண்டையும் இழுத்தா பையன் கார் சீட்டைத்தான் பார்ப்பான். ஒருநாள் திருமயத்துக்குன்னே வரட்டும். அப்போ பீரங்கியோட நிறுத்தாம, கீழே இருக்கிற 1245-ஆம் வருஷத்துக் கல்வெட்டையும் காட்டட்டும். சைவர்களும் வைணவர்களும் அடிச்சுக்கிட்டதுக்கு, போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கன் முன்னால பஞ்சாயத்து நடந்து தீர்ப்பானது அதுல இருக்கு. நீங்க சொல்ற அந்த 'ரெண்டு அர்ச்சனை' ஒரு காலத்துல அவ்வளவு சுலபமா நடக்கல.

மகேந்திரவர்மன் கதை பழைய புத்தகத்துல இருந்தது. அறிவர் கோயில் வாசல்ல இருக்கிற கல்வெட்டு பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுக்கி, முகமண்டபம் எடுத்தான்னு சொல்லுது. குடைஞ்சது பல்லவனா பாண்டியனான்னு அறிஞர்கள் பேசட்டும், புதுக்கின ஆள் பேர் கல்லிலேயே இருக்கும்போது அதை விட்டுட்டு வேற பேரை மனப்பாடம் பண்ண வைக்கிறது எனக்கு ஒப்பல.

போட்டோல நல்லாத் தெரியும்கிறது நிஜம்தான். போட்டோவுல விதானம் இல்ல, படம் இருக்கு, அவ்வளவுதான்.

வயலூர் ரோடு:

சார், ரொம்ப நன்றி. வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு. அம்மாகிட்ட பிரகதாம்பாள்னதும் புடவை எடுத்து வெச்சுட்டாங்க. குடுமியான்மலையைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே? இசைக் கல்வெட்டுன்னு கேள்விப்பட்டு ஆசைப்பட்டுச் சேர்த்தேன், நான் கொஞ்சம் பாட்டு கத்துக்கிட்டவ.

கீரனூர் வாத்தியார்:

அதை முதல்லயே சொல்லியிருக்கணுமே அம்மா! பாட்டு தெரிஞ்சவங்கன்னா திட்டத்தையே புரட்டலாம். ஏழடிப்பட்டத்தை விட்டுடுங்க. மூணு மணிக்கு அறிவர் கோயில் மட்டும், நாலரைக்கு மேல குடுமியான்மலை. அன்னவாசல் தாண்டிப் போனா தூரமில்ல. கோயில் நடையும் அப்போ திறந்திருக்கும். மலை ஏற வேண்டியதில்ல. மேலைக்கோயில் குடைவரை அடிவாரத்துலதான், கல்வெட்டு அதை ஒட்டின பாறையில.

சுமார் பதிமூணு அடிக்குப் பதினாலடி பாறை, அதுல முப்பத்தெட்டு வரி, பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பகுதி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ராகமூலத்துக்கு. படிக்கிறதுக்குச் சொற்கள் இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க, பெரும்பாலும் ஸ்வர எழுத்துகள்தான், ர ரி ரு ரென்னு உயிர் மாறி மாறி வரும். ருத்ராசாரியாரோட சீடனான ஒரு ராஜா, பயிலுறவங்களுக்காகச் செஞ்சதுன்னு இருக்கு. கடைசியில மட்டும் தமிழ்: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". எட்டும் ஏழும் யாழ் நரம்போட எண்ணிக்கைன்னு ஒரு கருத்து. பக்கத்துலயே 'பரிவாதினி'ன்னு ஒரு வீணையோட பேரும் இருக்கு. முன்னாடி நின்னு பாடிப் பார்க்காதீங்க, யாராலயும் அதை முழுசா மீட்டெடுத்துப் பாட முடிஞ்சதில்ல. ஆனா நீங்க பாடுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

பையனுக்கு அங்க ஆயிரங்கால் மண்டபப் பக்கம் பத்துத்தலை ராவணனும் நரசிம்மரும் இருக்காங்க. அம்மாவுக்குச் சுவாமிக்குக் குடுமி வந்த கதையைக் குருக்களே சொல்வார்.

எருக்கஞ்செடி:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். கல்லா இருக்கு எல்லாமே. லீவுல இன்னொரு அரைநாள் மிச்சமிருந்தா உங்க ஊர்லயே ஶ்ரீரங்கம் மேலூர்ல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல. வெயில் ஏறினாத்தான் பூச்சி பறக்கும், அதனால ஒன்பதரை பத்துக்குப் போங்க. பூவைப் பார்க்காம இலையைப் பார்க்கச் சொல்லுங்க. எருக்குல வெந்தய வரியனோட புழு, எலுமிச்சையில எலுமிச்சை அழகியோட புழு. இந்த ரெண்டாவது புழு சின்னதா இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பையன் குஷியாயிடுவான். மாநில வண்ணத்துப்பூச்சி எதுன்னு கேட்டா தமிழ் மறவன், 2019-ல அறிவிச்சாங்க. சமதளம், அம்மாவும் வரலாம்.

வயலூர் ரோடு:

வியாழன் புதுக்கோட்டை, ஞாயிறு பூச்சிப் பூங்கா. முடிவு பண்ணியாச்சு. சார், கடைசியா ஒண்ணு: சித்தன்னவாசல்ல தண்ணி, பாத்ரூம்?

கீரனூர் வாத்தியார்:

அம்மா இருக்காங்க, அதனால எதையும் நம்பிப் போகாதீங்க. புதுக்கோட்டையில சாப்பிட்ட ஓட்டல்லயே எல்லாத்தையும் முடிச்சுக்கோங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி வண்டியில இருக்கட்டும். பையனுக்குத் தொப்பி. குடைவரைக்குள்ள செருப்பு கூடாது, வெளியே பாறை சுடும், நாலு பேருக்கும் சாக்ஸ் எடுத்துக்கோங்க.